பட்டத்தின் விலை யாது? பயன் யாது?

(அமிர்தியில் பெற்றோரிடையே ஆற்றப்பெற்ற சொற்பொழிவு)



"கலைப்பட்டம் படித்தால் என்ன கிடைக்கும்?" என்னும் வினா, இன்று சவ்வாது மலையடியில் வீடுதோறும் எழுகின்றது. பள்ளியிறுதி முடித்த பிள்ளை, தமிழிலக்கியமோ வரலாறோ பொருளியலோ படிக்க விரும்பினால், தந்தை தயங்குகின்றார். அத் தயக்கத்தைத் தமிழ்ப்பற்றின்மை என்று பழிப்பது தவறு. கணக்குப் பார்த்தல் ஏழையின் உரிமை. அவனுக்கு மெய்க்கணக்கைக் காட்டாமல் மொழிப்பற்றை மட்டும் ஊட்டுவது, பசித்தவனுக்கு வெற்றிலையைக் காட்டுவது போன்றது.

முதற்கண் செலவைக் காண்க. தமிழ்நாட்டு அரசுக் கலைக் கல்லூரிகளில் இளங்கலைக்குப் பயிற்றுக் கட்டணம் இல்லை. வேலூர் முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரியும் அவற்றுள் ஒன்றே. ஆனால், உண்மைச் செலவு கட்டணம் அன்று. பிள்ளை வீட்டிற்குக் கொண்டுவராத கூலியே செலவு. ஊரக வேலையுறுதித் திட்டத்தில் 2024-25ஆம் ஆண்டிற்குத் தமிழ்நாட்டில் வரையறுத்த நாட்கூலி 319 உருபா. அக் கூலியில் ஆண்டுக்கு 200 நாள் உழைப்பதாகக் கொண்டால், மூன்றாண்டில் இழப்பது 1,91,400 உருபா. ஆசிரியராக வேண்டுமெனின், ஈராண்டுக் கல்வியியற் பட்டமும் வேண்டும். இழப்பு 3,19,000 ஆகின்றது. அதன்மேல் தகுதித் தேர்வு, அதன்மேல் காத்திருப்பு!

அரசு கைகொடுக்கவில்லையா? 2022இல் புதுமைப்பெண் திட்டமும் 2024இல் தமிழ்ப் புதல்வன் திட்டமும் தோன்றின. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி புகுந்தோர்க்குத் திங்கள்தோறும் 1,000 உருபா கிடைக்கின்றது. நல்லதே. எனினும் மூன்றாண்டில் வரும் 36,000 உருபா, இழந்த கூலியில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகாது.

இனி, வருவாயைக் காண்க. தமிழ்வழியில் படித்தோர்க்கு அரசுப்பணியில் 20 விழுக்காட்டு முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது. பள்ளி முதல் பட்டம் வரை தமிழ்வழியிலேயே படித்திருத்தல் வேண்டும் என்று அது 2020இல் திருத்தப்பெற்றது. அரசுப்பணித் தேர்வுகளில் தமிழ்த்தாளில் தேறியாக வேண்டும் என்னும் ஆணை 2021இல் பிறந்தது. இவை தமிழ் படித்தவனுக்குத் திறந்த வாயில்கள். ஆயினும் அரசுப்பணி இடங்கள் சிலவே, நிற்போரோ பல்லாயிரவர். தனியார் வாயிலில் முதற்கேள்வி, "ஆங்கிலம் தெரியுமா?" என்பதே.

இதற்குக் கரணியம் தமிழின் வறுமையா? இல்லை! தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் 1956இல் இயற்றப்பெற்றது. உயர் முறைமன்றத்தில் தமிழ் வேண்டுமெனச் சட்டமன்றம் 2006இல் முடிவு செய்து அனுப்பியது, நடுவணரசு இசையவில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தில் தமிழ்வழிப் பொறியியல் 2010இல்தான் தொடங்கிற்று. அதுவும் இரண்டே பிரிவுகளில். மொழிக்கே வேலை கொடாத நாட்டில், மொழி படித்தவனுக்கு வேலை எங்கிருந்து வரும்? பட்டத்தின் சந்தை விலை மாணவனின் தகுதியைக் காட்டவில்லை. தமிழுக்கு இந் நாடு கொடுத்துள்ள இடத்தையே காட்டுகின்றது.

மொழிஞாயிறு பாவாணரை எண்ணுங்கள். 1961இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை விட்டு நீங்கியபின், இதோ அண்மையிலுள்ள காட்பாடியில்தான் அவர் வாழ்ந்தார். நிலையான ஊதியம் இல்லை, ஆய்வோ நிற்கவில்லை. உலகின் முதற் செம்மொழி தமிழே என நாட்டும் ஆங்கில நூலை 1966இல் அங்கிருந்தே வெளியிட்டார். செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் இயக்குநராக அரசு அவரை அமர்த்தியது 1974இல். அப் பதின்மூன்று ஆண்டுகளில் சந்தை அவருக்கு இட்ட விலை என்ன? அவர் தமிழுக்கு ஈட்டித் தந்த செல்வம் என்ன? ஆனால், அவர் பட்ட வறுமையைப் பெருமையாகப் பேசி அமைவது தமிழர்க்கு அழகன்று. அஃது இனத்தின் கடன். இன்னும் தீராத கடன்.

படியாமைக்கும் விலை உண்டு, பெற்றோர்களே! 2015 ஏப்பிரல் 7ஆம் நாள், சேசாசலக் காட்டில் தமிழ்நாட்டுக் கூலியாளர் 20 பேர் ஆந்திரச் சிறப்புக் காவற்படையால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுள் இச் சவ்வாது மலைமக்களும் இருந்தனர். சாமையும் புளியும் தேனும் விளையும் மலையை விட்டு, நாட்கூலிக்காக அவ்வளவு தொலைவு போனவர்கள் அவர்கள். கூலியை மட்டும் வரவெனக் கொள்ளும் கணக்கில் இவ் இழப்பு எந்தப் பக்கத்தில் எழுதப்படும்?

ஆகவே, கலைப்பட்டம் படிக்க விரும்பும் பிள்ளையைத் தடுக்காதீர்கள். கண்ணைக் கட்டியும் அனுப்பாதீர்கள். தமிழ்வழிச் சான்றுகளை முதல் வகுப்பிலிருந்தே காத்து வையுங்கள். பட்டம் பெறுமுன்பே அரசுப்பணித் தேர்வுக்கு அணியமாகச் சொல்லுங்கள். ஆங்கிலத்தைக் கருவியாகக் கற்கட்டும். அதற்கு அடிமையாக வேண்டா.

தமிழியக்கத்தார்க்கும் ஒரு சொல் உண்டு. தம் மக்களை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, மலைமகனை நோக்கித் "தமிழ் படி" என்பவர்க்கு வாய் உண்டு, உரிமை இல்லை. அலுவலகத்திலும் முறைமன்றத்திலும் ஆலையிலும் தமிழை அமர்த்துக! அந் நாளில், "தமிழ் படித்தால் என்ன கிடைக்கும்?" என்று எந்தத் தந்தையும் கேட்கமாட்டார். அதுவரை, அவர் கேள்வி முறையான கேள்வியே. விடை சொல்லும் கடமை தமிழ்நாட்டுடையது!