பேனையும் பெயரும்

புத்தாண்டு பிறந்ததும் கடைக்காரர் வழங்கும் நாட்காட்டிகள் நம் வீட்டுச் சுவர்களை அலங்கரிக்கின்றன. வணிகர் இவ்வாறு தம் பெயரைப் பரப்புதல் இயல்பே. ஆயின், சட்டத்தரணியும் பல் வைத்தியரும் கணக்காளரும் தம் பெயர் பொறித்த பேனையையும் கோப்பையையும் வழங்கித் தொழிலை வளர்க்க முற்படுதல் தகுமா?

புடைவை வாங்குபவர் துணியைத் தொட்டுப் பார்த்துத் தரத்தை அறிகிறார். வழக்கை ஒப்படைப்பவரோ சட்டத்தரணியின் திறமையை முன்கூட்டி அளந்தறிய இயலாதவர். நம்பிக்கை ஒன்றே அவருக்குத் துணை. ஆதலினாற்றான் இத்தொழில்களில் விளம்பரம் பல நாடுகளில் நெடுங்காலம் விலக்கப்பட்டிருந்தது.

ஐக்கிய அமெரிக்காவில் அத்தடை தளர்ந்த வரலாறு கருதத்தக்கது. அரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸ் நகரில், பேற்ஸ், ஓஸ்டீன் என்னும் இளஞ் சட்டத்தரணிகள் இருவர் 1976 ஆம் ஆண்டில் தம் கட்டணங்களைப் பத்திரிகையில் வெளியிட்டனர். எதிர்ப்பில்லாத மணவிலக்குக்கு 175 டொலர், நீதிமன்றக் கட்டணம் 20 டொலர் என்பது அவற்றுள் ஒன்று. சட்டத்தரணிகள் சங்கம் அவர்கள்மீது நடவடிக்கை எடுத்தது. 1977 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், வழமையான சட்டச் சேவைகளின் கட்டணத்தை உண்மையாக அறிவிப்பதைத் தடுத்தலாகாது எனத் தீர்ப்பளித்தது. ஐந்து நீதியரசர் இசைந்தனர், நால்வர் மறுத்தனர்.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அந்த விளம்பரம் ஏழை எளியவருக்குத் தேவையான செய்தியைத் தந்தது. பேனை எச்செய்தியைத் தருகிறது? பெயரையும் முகவரியையும் அன்றி வேறொன்றுமில்லை. எனினும், பெற்றவர் உள்ளத்தில் மெல்லியதொரு கடப்பாட்டை அது விதைத்துவிடுகிறது. பொருள் சிறிதாயினும் விதை விதையே.

இவ்வுண்மையை உணர்ந்தோர் உளர். வைத்தியர்களுக்கு மருந்தின் பெயர் பொறித்த பேனைகளையும் கோப்பைகளையும் கொடுக்கும் வழக்கத்தை, அமெரிக்க மருந்து உற்பத்தியாளர் சங்கம் 2009 ஆம் ஆண்டு சனவரி முதல் தன் ஒழுக்கக் கோவையில் விலக்கியது. அமெரிக்கச் சட்டத்தரணிகள் சங்கமோ 2018 இல் தன் மாதிரி விதிகளைத் திருத்தியபோது, ஆள் சேர்த்துத் தருபவருக்கு நன்றி கூறும் சிறு அன்பளிப்பை அனுமதித்தது. ஆனால் அது கைம்மாறாகக் கருதப்படலாகாது என்றும் வரம்பிட்டது.

அங்ஙனமாயின், அன்பளிப்பு முழுவதும் தீதோ? அன்று. பல் வைத்தியர் கொடுக்கும் தூரிகை பிள்ளையின் பல்லைக் காக்கும். வரி செலுத்தும் நாள்களைக் குறித்த நாட்காட்டி சிறு வணிகரைத் தண்டத்தினின்று காக்கும். காணி உறுதி எழுத வருவோர் கொணரவேண்டிய பத்திரங்களை அச்சிட்ட சிறு தாள், மூதாட்டி ஒருவரை இருமுறை அலையாமற் காக்கும். இவை தொழிலின் நீட்சியே. தொழில் ஒழுக்க விதி இடந்தருமிடத்து, பெறுபவருக்கு மெய்யாகவே பயன்படுவதைக் கொடுத்தலே தகுதி.

கொடுக்கப்படும் பொருளிலிருந்து கொடுத்தவர் பெயரை அழித்துப் பாருங்கள். அப்பொழுதும் அதனை வழங்க மனம் வருமாயின் அது நல்ல அன்பளிப்பு. பெயர் நீங்கியதும் பயனும் நீங்குமாயின், அது தூண்டிலில் மாட்டிய இரை. பேனையின் மை ஒரு திங்களில் வற்றிவிடும். செம்மையாகச் செய்த பணியோ தலைமுறைக்கும் பெயர் சொல்லும்.