வயிற்றுக்குள் பலூன்: கடன் கேட்கும் முன் தெரிந்துகொள்வோம்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப்பணியாளர்கள் சார்பில் பேசியது)



சேமிப்புக் கணக்கு பார்ப்பதற்கு முன்னால் வேறு ஒரு விஷயத்தைப் பேசிவிடலாம் என்று இருக்கிறோம். "ஆபரேஷன் இல்லாமலே வயித்துக்குள்ள பலூன் வச்சு உடம்பைக் குறைக்கிறாங்களாமே, நெசமா?" என்று போகிற ஊரிலெல்லாம் எங்களைக் கேட்கிறார்கள். செல்போனில் விளம்பரம் வருகிறதாம். ஒருவர் கேட்டதும் பக்கத்தில் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்க இதில் ஒன்றும் இல்லீங்க. முட்டி வலியோடு குனிந்து களை எடுக்க முடியாதவருக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

இது பணக்கார வீட்டு நோய் என்று இனிமேல் சொல்ல முடியாது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 40 பேர் கூடுதல் எடை உள்ளவர்கள். அதற்கு முந்தைய 2015-16 கணக்கெடுப்பில் இது 31 ஆக இருந்தது. அதே 2019-21 கணக்கெடுப்பில் 100க்கு 53 பெண்களுக்கு ரத்தசோகை. உடம்பு பருமனாக இருக்கிறது, ரத்தம் மட்டும் இல்லை. "குண்டா இருக்கா, அவளுக்கென்ன சத்துக்குக் குறைச்சல்" என்று பேசுவதை நாம் நிறுத்த வேண்டும்.

யாருக்கு எடை கூடுதல் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. எடையைக் கிலோவில் எழுதிக்கொண்டு, உயரத்தை மீட்டரில் எடுத்து, உயரத்தால் இரண்டு முறை வகுக்க வேண்டும். 150 சென்டிமீட்டர் உயரமும் 72 கிலோ எடையும் உள்ளவருக்கு 32 வரும். நம் நாட்டு உடல்வாகுக்கு 23க்கு மேல் போனால் எடை கூடுதல், 25க்கு மேல் போனால் உடல் பருமன் என்று டாக்டர்கள் வைத்திருக்கிறார்கள். இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. டெய்லரிங் படித்த பெண்கள் எல்லா குழுவிலும் இருக்கிறார்கள், டேப்பும் இருக்கிறது.

இனி பலூனுக்கு வருவோம். சோறு போய் விழுகிற பைக்கு இரைப்பை என்று பெயர். வாய் வழியாக எண்டோஸ்கோப்பிக் குழாயை விட்டு, சிலிக்கானால் செய்த சுருங்கிய பலூனை அந்தப் பைக்குள் இறக்கி, உப்புத் தண்ணீரை நிரப்புவார்கள். 400 மில்லி முதல் 700 மில்லி வரை பிடிக்கும். அரை லிட்டர் பால் பாக்கெட் ஒன்றை இரைப்பைக்குள் நிரந்தரமாகப் போட்டு வைத்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இடம் அடைபடுவதால் கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடும். சாப்பாடு குடலுக்கு இறங்குவதும் மெதுவாகும். வேலை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். கத்தி கிடையாது, தையல் கிடையாது. அந்த அளவுக்கு விளம்பரம் சொல்வது உண்மைதான்.

ஆனால் கத்தி இல்லை என்றால் கஷ்டமும் இல்லை என்று அர்த்தமில்லை. போட்ட முதல் மூன்று நான்கு நாள் குமட்டலும் வாந்தியும் வயிற்றைப் பிசைகிற வலியும் பெரும்பாலானவர்களுக்கு வரும். தண்ணீர்கூடத் தங்காமல் உடம்பு வற்றிப்போய், மறுபடியும் ஆஸ்பத்திரிக்கு வந்து குளுக்கோஸ் ஏற்றிக்கொள்கிறவர்கள் உண்டு. தாங்க முடியாமல் "எடுத்துடுங்க" என்று திரும்பி வருகிறவர்களும் உண்டு. முதலில் தண்ணி ஆகாரம், அப்புறம் குழைத்த சாப்பாடு, அதற்குப் பின்னால்தான் வழக்கமான சாப்பாடு. அதுவும் மென்று, மெதுவாக. அடுப்படியில் நின்றுகொண்டே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு வேலைக்கு ஓடுகிற நமக்கு அதுதான் பெரிய சோதனையாக இருக்கும்.

பலூன் சோற்றைத்தான் தடுக்கும். டீ, பாயசம், ஜூஸ், ஐஸ்கிரீம் எல்லாம் அதைச் சுற்றி வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். ஒரு நாளைக்கு ஐந்து டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் மாதம் ஒன்றரைக் கிலோ சர்க்கரை. அதைப் பலூன் கேட்காது.

எவ்வளவு குறையும்? ஆறு மாதத்தில் உடல் எடையில் சுமாராகப் பத்தில் ஒரு பங்கு. சிலருக்குக் கூட, சிலருக்குக் குறைய. முன்பு சொன்ன 72 கிலோக்காரர் 65க்கு வரலாம். அதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்திலேயே குறைந்துவிடும். இதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். எடை நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலே சர்க்கரையும் பிரஷரும் ஓரளவு கட்டுக்குள் வரும், மாதவிலக்கு தள்ளிப் போகிற பெண்களுக்கும் ஒழுங்காக வர வாய்ப்பு உண்டு. ஆனால் பலூன் உள்ளேயே இருக்காது. வழக்கமான பலூனை ஆறு மாதத்தில் எடுத்தாக வேண்டும், ஒரு வருடம் வைக்கிற வகையும் இருக்கிறது. மாத்திரை போல விழுங்குகிற வகை ஒன்று உண்டு. அது சுமார் நான்கு மாதத்தில் தானே உடைந்து மலத்தோடு போய்விடும். எந்த வகையானாலும், பலூன் போன பிறகு பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினால் குறைந்த எடையில் ஒரு பங்கு திரும்பி வந்துவிடும். பலருக்கு வருகிறது.

இது நேற்று வந்த வைத்தியம் இல்லை. அமெரிக்காவில் 1985லேயே ஒரு பலூனுக்கு அனுமதி கொடுத்தார்கள். காற்றடைத்தது, விளிம்பு இருந்தது. இரைப்பையில் புண், குடலில் அடைப்பு என்று புகார் வந்து 1988ல் விற்பனை நின்றது. வழவழப்பான, உருண்டையான, தண்ணீர் நிரப்புகிற பலூன் வந்த பிறகு 2015ல் மறுபடி அங்கே அனுமதி கிடைத்தது. அதற்கப்புறமும் பிரச்சினை தீரவில்லை. 2016லிருந்து 2018 நடுப்பகுதி வரை தண்ணீர் நிரப்பிய பலூன் வைத்தவர்களில் உலக அளவில் 12 பேர் இறந்ததாகத் தகவல் வந்தது என்று அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே அறிவித்தது. எல்லாச் சாவுக்கும் பலூன்தான் காரணம் என்று அவர்கள் சொல்லவில்லை. வைத்துக்கொண்டவர்களின் எண்ணிக்கையைப் பார்த்தால் இது சிறிய எண்தான். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. விளம்பரத்தில் இது இருக்காது என்பதால் சொல்கிறோம்.

ஆபத்து எங்கே வருகிறது என்றால், பலூன் ஓட்டையாகிச் சுருங்கிக் குடலுக்குள் இறங்கி அடைத்துக்கொள்ளும்போது. அதைக் கண்டுபிடிக்கத்தான் தண்ணீரோடு நீலச் சாயம் கலந்து நிரப்புவது வழக்கம். சிறுநீர் நீலமாகவோ பச்சையாகவோ போனால் அன்றைக்கே கிளம்ப வேண்டும். விடியட்டும், சந்தை முடியட்டும், அவர் வேலைக்குப் போய் வரட்டும் என்று இருக்கக்கூடாது. குறித்த தேதிக்கு மேல் பலூனை வைத்திருந்தால் இப்படி ஆவதற்கு வாய்ப்பு கூடும். திருவிழா, அறுவடை, கையில் காசில்லை, இதெல்லாம் தேதியைத் தள்ளிப் போடக் காரணம் ஆகாது. விடாத வாந்தி, தாங்காத வயிற்றுவலி, கறுப்பாக மலம் போவது, இவையும் அவசரம்தான். 108ல் ஏறியதும், பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனதும், முதல் வார்த்தையாக "வயித்துல பலூன் இருக்கு" என்று சொல்ல வேண்டும். பார்க்கிற டாக்டருக்கு வேறு எப்படித் தெரியும்?

இன்னொன்று, முட்டி வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடுகிற மாத்திரை. நம்மில் பாதிப் பேர் அதில்தான் நடக்கிறோம். பலூன் இருக்கும்போது அந்த மாத்திரை இரைப்பையைப் புண்ணாக்கி ஓட்டைகூடப் போட்டுவிடும். டாக்டர் எழுதிக் கொடுக்கிற அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைப் பலூன் இருக்கும் வரை விடாமல் சாப்பிட வேண்டும்.

கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் வைக்கக்கூடாது. வயிற்றில் முன்பு இரைப்பை ஆபரேஷன் ஆனவர்கள், குடற்புண் உள்ளவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், ஈரல் கெட்டவர்கள் ஆகியோருக்கும் இது ஆகாது. எடை குறையும்போது நின்றிருந்த மாதவிலக்கு வந்து, எதிர்பாராமல் கர்ப்பம் தங்குவதும் உண்டு. வாந்தி எடுக்கிற நாட்களில் கருத்தடை மாத்திரை வேலை செய்யும் என்று நம்ப முடியாது. இதை டாக்டரிடம் கூச்சப்படாமல் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

இவ்வளவு ஏன் பேசுகிறோம் என்றால், ஒரு குழுவில் இதற்காக உள்கடன் மனு வந்திருக்கிறது. எந்தக் குழு, யார் என்று சொல்லப்போவதில்லை. ஒரு அம்மா மகளுக்காக ஒரு லட்சம் கேட்டிருக்கிறார். மகள் படித்து முடித்த பெண், உயரம் 152, எடை 66. கணக்குப் போட்டால் 28க்கு மேல். பெண் பார்க்க வந்தவர்கள் "கொஞ்சம் உடம்பைக் குறைச்சா பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். குழு இரண்டாகப் பிரிந்துவிட்டது. மருத்துவச் செலவுதானே, கொடுத்தால் என்ன என்கிறார்கள் ஒரு பக்கம். அழகுக்குக் கடன் கொடுத்தால் நாளைக்கு எல்லோரும் கேட்பார்கள் என்பது இன்னொரு பக்கம். குரல் கூடிப்போய், அந்த அம்மா அழுதுகொண்டே எழுந்து போய்விட்டார்.

மறுநாள் நாங்கள் அந்த வீட்டுக்குப் போனோம். ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளைப் பார்த்தோம். பலூன் வைப்பதற்குப் பணம் எழுதியிருந்தது. எடுப்பதற்கு எவ்வளவு என்று ஒரு வரி இல்லை. இடையில் வாந்தி என்று வந்து படுத்தால் யார் செலவு என்றும் இல்லை. அந்தப் பெண்ணுக்கு மாதவிலக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறதாம். தைராய்டு, சர்க்கரை எதுவும் இதுவரை பார்த்ததில்லை. அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். தைராய்டு சுரப்பு குறைவு என்று தெரிந்து மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள். அதனால் மட்டும் எடை எல்லாம் கரைந்துவிடாது. ஆனால் அதைப் பார்க்காமல் பலூன் வைப்பது அஸ்திவாரம் பார்க்காமல் மாடி கட்டுவது போல. பெண் இன்னமும் பலூன் வேண்டும் என்றுதான் சொல்கிறாள். அது அவள் உடம்பு, முடிவும் அவளுடையது. பெண் பார்க்க வந்தவர்களைப் பற்றி எங்கள் அபிப்பிராயத்தை இங்கே சொன்னால் கூட்டம் இன்றைக்கு முடியாது.

கடனைப் பற்றிச் சொல்லலாம். ஒரு லட்சத்துக்கு மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, 24 தவணை என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதம் அசலும் வட்டியும் சேர்த்து 5,167 ரூபாய். பலூன் ஆறாம் மாதம் வெளியே வந்துவிடும். அன்றைக்கு அசலில் 75,000 ரூபாய் பாக்கி இருக்கும். பலூன் இல்லாத வயிற்றுக்கு இன்னும் 18 மாதம் தவணை கட்ட வேண்டும். மாடு வாங்கினால் பால் வரும், மெஷின் வாங்கினால் தையல் கூலி வரும். இதில் எதுவும் வராது. அதற்காக மருத்துவக் கடனே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. தவணை எங்கிருந்து வரும் என்று மனு கொடுக்கும்போதே எழுதியிருக்க வேண்டும்.

இதுபோல மனு வந்தால் இனி மூன்று விஷயங்களைத் தாளில் கேட்டு வாங்குங்கள். வைப்பது, எடுப்பது, இடையில் தங்கினால் ஆகிற செலவு எல்லாம் சேர்த்த மொத்தத் தொகை. ராத்திரியில் கூப்பிட்டால் எடுக்கிற டாக்டரின் பெயரும் நம்பரும். பலூன் எடுத்த பிறகு சாப்பாட்டு ஆலோசனை எத்தனை மாதம் என்பது. காப்பீட்டு அட்டை செல்லுமா என்று அட்வான்ஸ் கட்டும் முன்பே கேளுங்கள். கட்டிவிட்டுக் கேட்டால் பதில் மாறும்.

அதற்கும் முன்னால், சர்க்கரையும் பிரஷரும் பார்த்துவிடுங்கள். 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வருகிற தன்னார்வலர்கள் நம் குழுக்களிலிருந்து போன பெண்கள்தான், வேற்று ஆள் இல்லை. எண்ணெய்க் கணக்கும் போட்டுப் பாருங்கள். ஒரு ஆளுக்கு மாதம் அரை லிட்டருக்குக் கொஞ்சம் கூடப் போகலாம், அவ்வளவுதான். நான்கு பேர் வீட்டில் நான்கு ஐந்து லிட்டர் தீருகிறது என்றால் எடை எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டியதில்லை. தட்டில் சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து, பயறும் கீரையும் ஒரு கரண்டி கூட்டினால் ரத்தசோகைக்கும் நல்லது.

அந்தக் குழுவின் மனு அடுத்த கூட்டத்துக்கு வருகிறது. அந்த அம்மாவும் வருவார். அன்றைக்கு யாரும் அந்தப் பெண்ணின் உடம்பைப் பற்றிப் பேசாமல், தாளில் இருப்பதை மட்டும் பேசித் தீர்மானம் எழுதுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போவதாக இருந்தால் இரண்டு நாள் முன்பே சொல்லுங்கள், எங்களில் ஒருவர் கூட வருகிறோம். எடை மெஷின் அந்த மேஜைக்குப் பக்கத்தில் இருக்கிறது. டீ குடித்துவிட்டு வந்து ஏறுங்கள், எழுதுகிற எண் உங்களிடம் மட்டும்தான் இருக்கும். இப்போது சேமிப்பு நோட்டுகளை எடுங்கள், கணக்கு பார்க்கலாம்.