நிலாவுக்கு வெள்ளை கம்மியா போதும்: ராத்திரி துறைமுகத்தை ஆயிலில் வரைவது

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்டது ஒரே கேள்விதான்: "ப்ரோ, வேலையை விட்டுட்டு ஆர்ட் பக்கம் போகலாமா?" பதிலுக்கு ஒருத்தரைப் பத்திச் சொல்றேன்.

ஜான் அட்கின்சன் கிரிம்ஷா. 1836ல இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துல பிறந்தவர். ரயில்வேயில கிளார்க். கல்யாணம் ஆனவர். 1861ல, வீட்டு எதிர்ப்பை மீறி வேலையை விட்டுட்டு ஓவியர் ஆனார். அவர் பேர் நின்னது நிலா வெளிச்சத்துல. லிவர்பூல், ஹல், கிளாஸ்கோ துறைமுகங்கள். ஈரமான தெரு, வரிசையா கப்பல் கம்பங்கள், மூடுபனி, கடை ஜன்னல்ல மஞ்சள் வெளிச்சம்.

ஞாயித்துக்கிழமை பெயிண்டரான எனக்கு இதுல பிடிச்சது அதுக்குள்ள இருக்குற லாஜிக். முழு நிலா வெளிச்சம் சூரிய வெளிச்சத்தைவிட சுமார் 4 லட்சம் மடங்கு கம்மி. அதுல நம்ம கண்ணுக்கு நிறமே சரியா பிடிபடாது. மொபைல் நைட் மோட் எல்லாத்தையும் பகல் மாதிரி ஆக்கிடும், அதை நம்பி வரையாதீங்க.

கேன்வாஸ் ஸ்க்ரீன் மாதிரி தானா ஒளி விடாது. நிலா ஜொலிக்கணும்னா மத்த எல்லாத்தையும் அடக்கணும். சுத்த வெள்ளையை நிலாவுக்கு மட்டும் வைங்க. சுத்தி இருக்குற வானம் மஞ்சள் கலந்த சாம்பல், தள்ளிப் போகப் போக பச்சை கலந்த நீலம். தண்ணியில விழுற வெளிச்சம் நிலாவைவிட ஒரு படி மங்கலா, படுக்கைவாட்டுல குட்டிக் குட்டித் தீற்றலா இருக்கட்டும். இருட்டுக்கு ட்யூப் கருப்பு வேண்டாம். பர்ன்ட் அம்பரும் அல்ட்ராமரீனும் கலந்தா ஆழமான இருட்டு கிடைக்கும். பக்கத்துக் கம்பம் கூர்மையா, தூரத்துக் கம்பம் பனியில கரைஞ்ச மாதிரி.

முக்கியமானது க்ளேஸிங். கண்ணாடி மாதிரி மெல்லிசா ஒரு பூச்சு. காய நாள் கணக்காகும். அப்புறம்தான் அடுத்தது. கீழ் அடுக்குல எண்ணெய் கம்மி, மேல போகப் போக அதிகம். மாத்திப் பண்ணா பின்னாடி வெடிப்பு விடும்.

இப்போ அந்தக் கேள்வி. 1870களின் கடைசியில கிரிம்ஷாவுக்குப் பெரிய பணக் கஷ்டம். விக்கிறதுக்காக இன்னும் நிறைய வரைஞ்சார். பல துறைமுகப் படங்கள் அதுக்கப்புறம் வந்ததுதான். அவ்வளவு அமைதியான படங்கள் கடன் நெருக்கடிக்கு நடுவுல உருவாச்சு. வேலையை விடுறது உங்க முடிவு. விட்டாலும் விடாட்டியும், முதல் அடுக்கு காயிற வரை காத்திருக்கிற பொறுமை இருக்கான்னு பாருங்க. அதை இந்த வாரமே ஒரு சின்ன கேன்வாஸ்ல டெஸ்ட் பண்ணிடலாம்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!