எந்தப் புழு, எந்த மண்? – மண்புழு ஆய்வு மாநாட்டுத் தலைமை உரை

 

தலைமை உரை என்றால் துறை வளர்ந்த வரலாற்றை எடுத்துரைத்து, வருங்காலத்தைப் பற்றி நம்பிக்கையோடு நாலு வார்த்தை சொல்லி அமர்வது வழக்கம். நான் இன்று பொதுமக்களின் கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன். மண்புழு என்றதும் பள்ளிப் பிள்ளைகளும் உழவர்களும் மாடித்தோட்டம் போடுவோரும் கேட்பவை ஏறத்தாழ ஒரே கேள்விகள்தாம். வெட்டினால் இரண்டாகுமா? மழைக்கு ஏன் வெளியே வருகிறது? ஆணா, பெண்ணா? கண், காது உண்டா? கோடையில் எங்கே போகிறது? விலைக்கு வாங்கி வயலில் விட்டால் நிலைக்குமா? இவை ஒவ்வொன்றுக்கும் நம்மிடம் ஒரு வரி விடை தயாராக இருக்கிறது. அந்த விடைகளில் பலவும் ஒரு புழுவுக்குப் பொருந்தும், பக்கத்துப் புழுவுக்குப் பொருந்தாது. ஆகவே, விடை சொல்வதற்கு முன் "எந்தப் புழு, எந்த மண்?" என்று திருப்பிக் கேட்கும் பழக்கம் நமக்கு வரவேண்டும். இதுவே நான் இந்த அவையில் வலியுறுத்த விரும்புவது.

இப்பழக்கம் நமக்கு வராமல் போனதற்குக் காரணம் உண்டு. இந்தியாவில் விலங்கியல் படித்த பல தலைமுறையினருக்கு மண்புழு என்றால் பெரிடிமா போஸ்துமா ஒன்றுதான். இன்று அது மெட்டாஃபைர் போஸ்துமா என்று வகைப்படுத்தப்படுகிறது. லக்னோ பல்கலைக்கழகப் பேராசிரியர் கே.என். பாஹ்ல் 1926இல் அப்புழுவைப் பற்றி எழுதிய நூல், இந்திய விலங்கியல் நூல் வரிசையில் முதலாவது. பாஹ்லின் பெருமை எதில் என்றால், ஐரோப்பியப் பாடநூல்கள் லம்பிரிகஸ் புழுவைக் காட்டிச் சொன்னதை அவர் அப்படியே நம் புழுவின்மேல் ஏற்றவில்லை. லம்பிரிகஸின் உடற்கண்டங்கள் ஒவ்வொன்றிலும் பொதுவாக எட்டு நுண்முட்கள் இருக்கும். நம் புழுவில் அவை கண்டத்தைச் சுற்றி வளையமாக நிற்கும். லம்பிரிகஸின் கழிவுநீர் உடலின் வெளிப்புறத் துளைகள் வழியே வெளியேறும். பெரிடிமாவிலோ, கண்ட இடைச்சுவர்களில் உள்ள நெஃப்ரிடியா என்னும் கழிவுநீக்க உறுப்புகள் தம் கழிவைக் குடலுக்குள் கொண்டு சேர்க்கின்றன. இதை பாஹ்ல் 1919இல் விவரித்தார். வறண்ட பருவத்தைத் தாக்குப்பிடிக்க வேண்டிய உயிர், கழிவோடு போகும் நீரைக் குடல்வழி மீட்டுக்கொள்ளும் ஏற்பாடு இது என்பது அவர் விளக்கம். வேறு புழு, வேறு மண், வேறு உடலமைப்பு. ஆனால் அவருக்குப் பின் வந்த நாமோ, அவர் புழுவையே இந்தியப் புழுக்கள் அனைத்துக்கும் மாதிரியாக்கிவிட்டோம்.

இனிக் கேள்விகளுக்கு வருவோம். முதலில், வெட்டுப்பட்ட புழு. மண்வெட்டியால் துண்டான புழு இரண்டு புழுவாகும் என்பது பிள்ளைகளின் நம்பிக்கை. ஆகாது என்பது ஆசிரியரின் விடை. பெரும்பாலான மண்புழுக்களுக்கு ஆசிரியர் சொல்வதே சரி. போதிய கண்டங்கள் எஞ்சியிருந்தால் முன்பாதி வாலை வளர்த்துக்கொள்ளும், பின்பாதி சில நாள் நெளிந்து சாகும். ஆனால் சாணக் குவியலிலும் இலை மட்கிலும் வாழ்கிற, நம் உரத்தொட்டிகளிலும் வளர்க்கப்படுகிற பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் தலையையும் வாலையும் மீண்டும் வளர்க்க வல்லது. அந்தப் புழுவைப் பார்த்துப் பழகிய பிள்ளை சொல்வதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது.

இரண்டாவது, மழை. மண்புழுவுக்கு நுரையீரல் இல்லை. ஈரத் தோலே அதன் மூச்சு. தோல்வழி வரும் ஆக்சிஜனைக் குருதிநீரில் கரைந்துள்ள ஹீமோகுளோபின் ஏற்றுக்கொள்கிறது. வளையில் நீர் நிறைந்தால் மூச்சுமுட்டி வெளியே வருகிறது என்பதே நாம் சொல்லும் விடை. 2008இல் தைவான் ஆய்வாளர்கள் இரண்டு இனங்களை ஒப்பிட்டார்கள். ஆமிந்தாஸ் கிராசிலிஸ் கனமழைக்குப் பின் இரவில் வெளியே வருகிறது. பொன்டோஸ்கோலெக்ஸ் கோரெத்ரூரஸ் அப்படி வருவதில்லை. முன்னதன் ஆக்சிஜன் தேவை அதிகம், அதுவும் இரவில் கூடுகிறது. பின்னதன் தேவை குறைவு. ஒரே மழை, ஒரே மண், நடத்தை வேறு. விடிந்தபின் சிமெண்டு முற்றத்தில் செத்துக்கிடக்கும் புழுக்களோ நீரில் மூழ்கிச் சாகவில்லை. வெயில் ஏறி, தோல் உலர்ந்து, மூச்சு நின்று செத்தவை அவை.

மூன்றாவது, ஆணா பெண்ணா. இரண்டும் ஓருடலில் உண்டு. ஆயினும் தன்னைத் தானே கருவுறச் செய்துகொள்ளாமல், இரு புழுக்கள் சேர்ந்து விந்தை மாற்றிக்கொள்வதே பொது வழக்கம். அதற்குப்பின் நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். முதிர்ந்த புழுவின் முன்பகுதியில் தடித்து வெளிறித் தெரியும் வளையம் ஒரு பசையைச் சுரக்கிறது. அது காற்றுப்பட்டு இறுகி, பட்டையாகிறது. புழு மெல்லப் பின்னோக்கி நகர, கையிலிருந்து வளையலைக் கழற்றுவதுபோல் அப்பட்டை தலைப்பக்கம் நழுவுகிறது. முட்டைகள் அதற்குள் விழுகின்றன. வழியில், இணையிடமிருந்து பெற்றுச் சேமித்த விந்து வந்து சேர்கிறது. தலையைத் தாண்டியதும் இரு முனைகளும் மூடிக்கொள்ள, முட்டைக்கூடு தயார். கருவுறுதல் நடப்பது புழுவின் உடலுக்குள் அல்ல, இந்தக் கூட்டுக்குள். பெரிடிமாவின் கூட்டிலிருந்து பெரும்பாலும் ஒரு குஞ்சுதான் வெளிவரும். உரத்தொட்டிப் புழுக்கள் சிலவற்றின் கூட்டில் பல குஞ்சுகள் வளரும். சற்றுமுன் சொன்ன பொன்டோஸ்கோலெக்ஸுக்கு இணையே தேவையில்லை, கருவுறாத முட்டையிலிருந்தும் குஞ்சு பொரிக்கும். தென் அமெரிக்காவில் தோன்றிய அப்புழு நம் மேற்குத் தொடர்ச்சி மலைத் தோட்டங்கள்வரை பரவியதற்கு இத்திறனும் ஒரு காரணம். ஒற்றைப் புழு போய்ச் சேர்ந்தாலே போதும்.

கண்ணும் காதும் பற்றிய கேள்விக்கு விடை தேடியவர் சார்லஸ் டார்வின். மண்புழுவுக்குக் கண் இல்லை, தோலில் ஒளியுணரும் செல்கள் மட்டும் உண்டு. காதைச் சோதிக்க, மண்தொட்டிகளின் அருகே ஊதல் ஊதினார்கள், பியானோ வாசித்தார்கள், மகன் பிரான்சிஸ் பசூன் என்னும் பெரிய குழலை ஊதினார். புழுக்கள் அசையவில்லை. அதே தொட்டிகளைப் பியானோவின் மேல் வைத்து ஒரு கட்டையைத் தட்டியதும் சட்டென்று வளைக்குள் போய்விட்டன. ஒலி கேட்காது, அதிர்வு தெரியும். 1842இல் தம் வீட்டருகே ஒரு நிலத்தில் சுண்ணக்கட்டிகளைப் பரப்பிவைத்து, 29 ஆண்டு காத்திருந்து 1871இல் குழி வெட்டிப் பார்த்தார். சுண்ணம் 7 அங்குல ஆழத்தில் கிடந்தது. புழுக்கள் மேலே கொண்டுவந்து கொட்டிய மண் அதை மூடியிருந்தது. இவையெல்லாம் அடங்கிய நூல் 1881 அக்டோபரில் வந்தது. மறு ஆண்டு ஏப்ரலில் அவர் மறைந்தார். அந்நூல் வந்து பத்தாண்டில், 1891இல், பெ. சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் வெளியாயிற்று. அதில் நடராசன் என்னும் பாத்திரம் நாங்கூழ்ப் புழுவை, அதாவது மண்புழுவை, விளித்து அதன் உழைப்பைப் பாராட்டுகிறது.

பாராட்டு இருக்கட்டும். கோடையில் அது எங்கே போகிறது? இங்கே பிரெஞ்சு ஆய்வாளர் மார்செல் புஷே 1970களில் வகுத்த பாகுபாடு உதவும். இலைச்சருகிலும் சாணத்திலும் மேலாக வாழ்பவை ஒரு வகை. மண்ணையே தின்று மண்ணுக்குள்ளேயே கிடப்பவை இன்னொரு வகை. செங்குத்தாக ஆழ வளை தோண்டி, மேலே வந்து சருகை இழுத்துப்போய்த் தின்பவை மூன்றாம் வகை. மண்ணுக்குள் வாழும் இனங்களில் பல, கோடை முற்றும்போது ஆழத்துக்கு இறங்கி, தம் பசையால் சிற்றறை பூசி, அதற்குள் முடிச்சாகச் சுருண்டு தூங்கும். மழை இறங்கினால் விழிக்கும். மேலாக வாழும் புழுக்களுக்கு அந்த ஆழம் வராது. வறட்சியைக் கடப்பவை பெரும்பாலும் அவற்றின் முட்டைக்கூடுகளே.

இதிலிருந்து உழவரின் கேள்விக்கு விடை கிடைக்கிறது. விலைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் மேற்கு ஆப்பிரிக்காவின் யூட்ரிலஸ் யூஜினியே, குளிர்நாட்டு ஐசீனியா ஃபெட்டிடா போன்றவை. இவை கழிவைத் தின்னும் மேல்வாசிகள். சூடு தணிந்த சாணமும் நிழலும் ஈரமும் இருக்கிற தொட்டியில் அவை நன்றாகப் பெருகும். சருகோ சாணமோ இல்லாத வெட்ட வயலில் கொண்டுபோய் விட்டால் நிலைக்கமாட்டா. வயலுக்கு வேண்டியது உரமே தவிர, அந்தப் புழு அல்ல. வயலுக்குரிய புழு ஏற்கெனவே அங்கே இருக்கிறது, அல்லது இருந்தது. சென்னைப் புதுக் கல்லூரியில் பணியாற்றிய சுல்தான் அகமது இஸ்மாயில் இதைச் செயலில் காட்டியவர். மேல்வாழும் பெரியோனிக்ஸோடு ஆழ வாழும் நம்மூர் லாம்பிடோ மௌரிட்டியையும் சேர்த்தே அவர் உரப்படுகை அமைத்தார். ஆழ வாழும் புழுவுக்காகப் படுகையின் அடியில் உடைகல், மணலுக்கு மேல் அரையடி உயரத்துக்கு ஈரமண் பரப்பினார். அந்த அரையடி மண்தான் புழுவறிந்து செய்த வேலை.

மண்புழு எங்கும் நன்மையே செய்யும் என்பதும் திருத்த வேண்டிய விடை. வட அமெரிக்காவின் வடபகுதிக் காடுகளில் பனியுகத்துக்குப்பின் மண்புழுவே இல்லாமல் இருந்தது. குடியேறியவர்களின் செடிமண்ணோடும் பின்னாளில் தூண்டில் இரையாகவும் போய்ச் சேர்ந்த ஐரோப்பியப் புழுக்கள், அக்காடுகளின் தடித்த சருகுப் படுகையைத் தின்று தீர்க்கின்றன. அதை நம்பி முளைத்த காட்டுச் செடிகள் அருகிவருகின்றன. மறுபக்கம், பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த 2014ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, மண்புழு இருக்கும் நிலத்தில் விளைச்சல் சராசரியாக 25 விழுக்காடு கூடுவதாகக் கணக்கிட்டது. 25 என்ற எண்ணை எல்லா மேடையிலும் சொல்கிறோம். பயிர்க்கழிவை மண்ணுக்குத் திருப்பிக் கொடுத்த நிலத்தில் பலன் கூடியது, நைட்ரஜன் மிகுந்த நிலத்தில் பலன் மறைந்தது என்று அதே கட்டுரை சொல்வதை விட்டுவிடுகிறோம். தழைச்சத்து உரத்தை அள்ளிக் கொட்டுகிற உழவரிடம் 25 விழுக்காட்டை மட்டும் சொன்னால், அடுத்த போகத்தில் அவர் நம்மை நம்பமாட்டார்.

மண்புழுவைத் தொட்ட பிள்ளைக்கு வயிற்றில் புழு வருமா என்றும் தாய்மார் கேட்பார்கள். வராது. குடற்புழுவின் முட்டை மனிதக் கழிவு கலந்த மண்ணிலிருந்து வருவது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்.

இம்மாநாட்டின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். ஒன்று: இங்கே படிக்கப்படும் கட்டுரைகளில் "மண்புழுக்கள் விடப்பட்டன" என்று எழுதி நிறுத்த வேண்டாம். இனத்தின் பெயர், மண்ணின் தன்மை, எடுத்த பருவம் மூன்றும் வேண்டும். முதிராத புழுவை வெளித்தோற்றத்தால் இனம் காண்பது அரிது. ஆகவே வளையம் தோன்றிய புழுக்களைப் பதப்படுத்தித் துறையின் அருங்காட்சியகத்தில் வைத்துவிடுங்கள், பின்னால் வருபவர் சரிபார்க்க முடியும். இரண்டு: விட்ட புழு நிலைக்காத வயல்களைப் பற்றியும் எழுதுங்கள். கார்போஃபியூரான் பூச்சிக்கொல்லி இட்ட நிலம், ஆண்டுக்கணக்கில் போர்டோ கலவை தெளித்துச் செம்பு சேர்ந்த தோட்ட மண், இவற்றில் எந்த இனம் மடிந்தது, எது தாங்கியது என்ற செய்தி வெற்றிக் கதைகளைவிட உழவருக்குப் பயன்படும். மூன்று: மாவட்டந்தோறும் கிடைக்கும் புழுக்களைப் படத்தோடு காட்டும் தமிழ்க் கையேடு ஒன்றை இம்மாநாட்டின் விளைவாகக் கொண்டுவர வேண்டும். ஊரில் அப்புழுவுக்கு என்ன பெயர், எந்தப் பருவத்தில் மேலே வரும், அதன் எச்சம் குருணையா குவியலா என்பதை முன்வரிசையில் இருக்கும் உழவர்கள் சொல்வார்கள். அறிவியல் பெயரைப் பின்வரிசையில் இருக்கும் ஆய்வாளர்கள் சொல்லட்டும்.

அந்தக் கையேட்டுக்கான குழுவை நாளை மாலை நிறைவு அமர்வுக்குள் அமைத்துவிட வேண்டும், அதில் உழவர்களுக்கும் சரிபாதி இடம் தரவேண்டும் என்று கேட்டுக்கொண்டு, மாநாட்டைத் தொடங்கி வைக்கிறேன். முதல் அமர்வின் தலைவரை மேடைக்கு அழைக்கிறேன்.