சொல் நிற்கும் இடம்



நாம் வீட்டில் தமிழ் பேசுகிறோம். விதுராவுக்குப் போனால் மலையாளம் பேசுகிறோம். மலையாளத்தை நமக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. காதால் கேட்டே வந்துவிட்டது. 'நான் நாளை வருவேன்' என்கிறோம். அவர்கள் 'ஞான் நாளெ வரும்' என்கிறார்கள். சொல்லை மாற்றினால் போதும், வரிசை மாறாது. ஆங்கிலம் அப்படி இல்லை. 'ஐ வில் கம் டுமாரோ.' பாருங்கள், 'நாளை' கடைசிக்குப் போய்விட்டது!

'புலி மானைக் கொன்றது' என்று சொல்லுங்கள். 'மானைப் புலி கொன்றது' என்றும் சொல்லுங்கள். எப்படிச் சொன்னாலும் செத்தது மான்தான். 'மானை' என்ற சொல்லின் வால் அதைக் காட்டிவிடும். ஆங்கிலத்தில் மானுக்கும் புலிக்கும் அந்த வால் கிடையாது. நிற்கும் இடம்தான் எல்லாம். 'தி டைகர் கில்டு தி டீர்' என்றால் புலி கொன்றது. இரண்டையும் இடம் மாற்றுங்கள். 'தி டீர் கில்டு தி டைகர்.' மான் புலியைக் கொன்றுவிட்டது!

சிரிக்கிறீர்கள். பண விஷயத்தில் இதுவே நடந்தால் சிரிக்க முடியாது. சம்பளப் பாக்கி கேட்டு மனு எழுதுகிறோம். 'எனக்குக் கம்பெனி பணம் தர வேண்டும்.' தமிழில் 'எனக்கு' என்று தொடங்குகிறோம். அதே பழக்கத்தில் ஆங்கிலத்திலும் நம்மை முன்னால் வைத்தால் 'ஐ ஓ தி கம்பெனி மணி' என்று ஆகிவிடும். நான் கம்பெனிக்குக் கடன் என்று அதற்கு அர்த்தம்! 'தி கம்பெனி ஓஸ் மீ மணி' என்பதுதான் சரி. தர வேண்டியவர் முன்னால் நிற்க வேண்டும். அடுத்தவர் எழுதிக் கொடுத்த மனுவானாலும், கையெழுத்துப் போடும் முன் 'ஓஸ்' என்ற சொல்லுக்கு முன்னால் யார் இருக்கிறார் என்று பாருங்கள்.

இன்னொன்று. 'வந்தேன்' என்றால் வந்தது நான்தான் என்று தெரிந்துவிடும். 'கேம்' என்று மட்டும் சொன்னால் யார் வந்தார் என்று தெரியாது. 'ஐ கேம்' என்று ஆளையும் சேர்க்க வேண்டும். கேள்விக்கு நாம் கடைசியில் 'ஆ' சேர்க்கிறோம். அவர்கள் முன்னால் மாற்றுகிறார்கள். 'யூ ஆர் இல்' என்றால் உனக்கு உடம்பு சரியில்லை. 'ஆர் யூ இல்' என்றால் உடம்பு சரியில்லையா?

இந்த வயதில் இலக்கணமா என்று சிலர் கேட்கிறார்கள். 1991 ஏப்ரல் 18 அன்று, கேரளம் முழு எழுத்தறிவு பெற்றது என்று கோழிக்கோட்டில் அறிவித்தவர் சேலக்கோடன் ஆயிஷா. அவரும் முதிய வயதில் எழுதப் படிக்கக் கற்றவர்தான். நமக்கோ தலைக்கு மேலே அகத்தியர் மலை நிற்கிறது. தமிழுக்கு இலக்கணம் தந்தவர் என்று நாம் கும்பிடும் முனிவர் அவர். அவர் காலடியில் இருந்துகொண்டு இலக்கணத்துக்குப் பயப்படலாமா?

பழைய காலண்டர் அட்டையை மூன்று துண்டாக வெட்டுங்கள். ஒன்றில் 'வி', ஒன்றில் 'பிளக்டு', ஒன்றில் 'லீவ்ஸ்' என்று எழுதுங்கள். நாங்கள் கொழுந்து பறித்தோம் என்று பொருள். அட்டைகளைக் கலைத்துப் போட்டு, பிள்ளைகளோடு உட்கார்ந்து அடுக்குங்கள். முதலில் ஆள், பிறகு வேலை, பிறகு பொருள். வாயால் சொல்லிக்கொண்டே அடுக்குங்கள். நாளைக்கு வேறு மூன்று சொல் எழுதிக்கொண்டு வாருங்கள்.