காற்றுக்கும் கணக்கு உண்டு

(கொச்சங்காடியில் தொடர்கல்விக் கூட்டத்தில் பேசியது)



இன்று காற்றைப் பற்றிப் பேசப் போகிறோம்.

தண்ணீர் கெட்டுப் போனால் நமக்குத் தெரியும். கலங்கி இருக்கும். நாற்றம் அடிக்கும். காய்ச்சிக் குடிப்போம். பக்கத்துத் தெருவில் போய்ப் பிடித்து வருவோம். காற்றை அப்படிச் செய்ய முடியுமா? காய்ச்ச முடியாது. பக்கத்துத் தெருவில் போய்ப் பிடித்து வரவும் முடியாது. கிடைத்த காற்றைத்தான் இழுத்தாக வேண்டும். பணக்காரனும் ஏழையும் அதே காற்றைத்தான் இழுக்கிறார்கள் என்று சொல்வார்கள். அது முழு உண்மை இல்லை. தெருவோரத்தில் கடை போட்டவரும், லாரியிலிருந்து மூட்டை இறக்குபவரும், ஆட்டோ ஓட்டுபவரும் இழுக்கும் காற்று வேறு. கதவை மூடிக்கொண்டு ஏ.சி. அறையில் இருப்பவர் இழுக்கும் காற்று வேறு.

பிரம்மபுரம் தீ உங்களுக்கு நினைவிருக்கும். 2023-ஆம் ஆண்டு மார்ச் 2-ஆம் தேதி. காக்கநாட்டுக்கு அப்பால் நம் கார்ப்பரேஷனின் குப்பைக் கிடங்கில் தீப்பிடித்தது. பல ஆண்டுக் குப்பை அங்கே மலை போலக் கிடந்தது. அதில் பிளாஸ்டிக் மிக அதிகம். மேலே தண்ணீர் அடித்தால் அடியில் எரியும். ஒரு பக்கம் அணைத்தால் மறுபக்கம் புகையும். தீயணைப்பு வீரர்கள் இரவும் பகலும் பாடுபட்டார்கள். ஹெலிகாப்டரில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். மண்வாரி இயந்திரத்தால் குப்பையைக் கிளறிக் கிளறி நனைத்தார்கள். அணைக்க ஏறக்குறைய 12 நாள் ஆயிற்று. நகரமே புகையில் கிடந்தது. சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை விட்டார்கள். முகமூடி போட்டுக்கொண்டு வெளியே போங்கள் என்றார்கள்.

அந்தக் குப்பை யாருடையது? நம்முடையதுதான். மட்டாஞ்சேரி வாசலிலிருந்து போன குப்பையும் அங்கேதான் போய்ச் சேர்ந்தது. நாம் மறந்துவிட்ட குப்பை, புகையாகத் திரும்பி வந்தது.

கேரள உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கார்ப்பரேஷனுக்கு 100 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கார்ப்பரேஷன் பணம் என்றால் என்ன? நாம் கட்டும் வரி. தீயினால் மூச்சு முட்டியதும் நமக்கு, அபராதமும் நம் தலையில். இதை நாம் கொஞ்சம் கோபத்தோடுதான் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அந்த நாட்களில் வீட்டுக்கு வீடு ஒரே கேள்விதான் இருந்திருக்கும். இன்று பிள்ளையை வெளியே விடலாமா? அப்பாவுக்கு இளைப்பு அதிகமாகுமா? மூக்கு இதற்குப் பதில் சொல்லாது. நாற்றம் குறைந்தால் புகை போய்விட்டது என்று மூக்கு நினைத்துக்கொள்ளும். ஆனால் புகையில் மிக மிகச் சிறிய தூள் இருக்கிறது. ஒரு தலைமுடியின் பருமனை 30 பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு அளவுதான் அது இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. மூக்கு முடியில் தங்காது. நுரையீரலின் அடிவரை போகும். அங்கிருந்து இரத்தத்திலும் கலக்கும். இருமல், இளைப்பு மட்டும் அல்ல, மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் அது ஒரு காரணம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். பிளாஸ்டிக் எரிந்தால் டையாக்சின் என்ற நஞ்சும் வரலாம். அது மண்ணிலும் புல்லிலும் படிந்து, மாட்டின் பாலிலும் மீனிலும் ஏறி, நம் உடம்புக்கு வரும்.

இந்தத் தூளை அளக்கக் கருவி இருக்கிறது. காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் வைப்பது போல. வெறும் கையால் நெற்றியைத் தொட்டுப் பார்த்தால் சுடுகிறது என்று தெரியும். 100 டிகிரியா, 104 டிகிரியா என்று கைக்குத் தெரியாது. அப்படித்தான் இதுவும்.

நம் நாட்டில் 2015-ஆம் ஆண்டு முதல் காற்றுக்கு ஒரு மதிப்பெண் போடுகிறார்கள். பள்ளி மதிப்பெண்ணுக்கு நேர் எதிர். குறைந்தால் நல்லது, கூடினால் கெட்டது. 50 வரை நல்ல காற்று, பச்சை நிறம். 100 வரை பரவாயில்லை. 200-ஐத் தாண்டினால் மோசம். 400-ஐத் தாண்டினால் திடமாக இருப்பவருக்கும் கெடுதல். இந்த மதிப்பெண் முறையை வகுப்பதில் கான்பூர் ஐ.ஐ.டி. ஆசிரியர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. கொச்சியில் வைற்றிலையில் இப்படி அளக்கும் நிலையம் ஒன்று இருக்கிறது. அந்த எண்ணை மொபைலில் பார்க்கலாம். எண்ணைப் படிக்கத் தெரிந்த நமக்கு அது கஷ்டம் இல்லை.

சரி, அளந்தால் போதுமா? அளப்பது படித்தவர் வேலை. குப்பையை அள்ளுவது, எரிப்பதைத் தடுப்பது, ஆஸ்பத்திரிக்குச் சொல்லி அனுப்புவது எல்லாம் கார்ப்பரேஷன் வேலை. ஒருவரிடம் கண் இருக்கிறது. இன்னொருவரிடம் கை இருக்கிறது. இரண்டும் வேறு வேறு இடத்தில் இருந்தால் என்ன பயன்?

இரண்டும் சேர்ந்த ஊர் ஒன்றைச் சொல்கிறேன். குஜராத்தில் அகமதாபாத். அங்கே முதலில் வந்த பிரச்சினை காற்று இல்லை, வெயில். 2010 மே மாதம் 46.8 டிகிரி வெயில் அடித்தது. அந்த ஒரு மாதத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள். இந்தக் கணக்கு அப்போதே யாருக்கும் தெரியவில்லை. பிறகு காந்திநகரில் உள்ள பொது சுகாதார நிறுவனத்தின் ஆசிரியர்கள் வெளிநாட்டு அறிஞர்களோடு சேர்ந்து மரணப் பதிவேடுகளை எடுத்துக் கணக்குப் போட்ட பிறகுதான் தெரிந்தது. அந்த நிறுவனம் இப்போது பல்கலைக்கழகம். கணக்கைப் பார்த்த அகமதாபாத் கார்ப்பரேஷன் அவர்களோடு கை கோத்தது. 2013-இல் வெயில் திட்டம் வந்தது. நாளை வெயில் கடுமை என்றால் இன்றே அறிவிப்பு. ஆஸ்பத்திரியில் ஐஸ் தயார். தெருவில் தண்ணீர்ப் பந்தல். பிறகு செய்த ஓர் ஆய்வு, ஆண்டுக்கு ஏறக்குறைய 1,190 சாவுகள் தவிர்க்கப்பட்டன என்று மதிப்பிட்டது.

அதே கூட்டாளிகள் 2017-இல் காற்றுக்கும் ஒரு திட்டம் போட்டார்கள். புனேயில் உள்ள வானிலை ஆய்வு நிறுவனமும் சேர்ந்தது. ஊரில் பல இடங்களில் கருவி வைத்தார்கள். சாலையில் மின்பலகை வைத்து அன்றைய எண்ணையும் நிறத்தையும் காட்டினார்கள். நாளைய காற்று எப்படி இருக்கும் என்று புனேயிலிருந்து முன்கூட்டியே தகவல் வரும். மிக மோசம் என்றால் கார்ப்பரேஷன் சுகாதாரத் துறை மருத்துவர்களுக்குச் சொல்ல வேண்டும். இளைப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் என்ன செய்ய வேண்டும் என்று மருத்துவர்களுக்கும் பள்ளிகளுக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த ஊரிலும் பிரம்மபுரம் போல ஒரு குப்பை மலை உண்டு. பீரானா என்று பெயர்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எச்சரிக்கை கொடுத்தால் ஆள் தப்பிப்பான், காற்று சுத்தமாகாது. குடை பிடித்தால் மழை நின்றுவிடுமா? புகை வரும் இடத்தில் கை வைக்க வேண்டும். அதை அதே குஜராத்தில் சூரத் நகரத்தில் செய்து பார்த்தார்கள். துணிக்குச் சாயம் போடும் ஆலைகள் அங்கே நிறைய. நிலக்கரியில் கொதிகலன் எரியும். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் சிகாகோ, யேல் போன்ற பல்கலைக்கழகங்களின் ஆசிரியர்களும் சேர்ந்து 2019-இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். புகைப்போக்கியிலேயே கருவி. எல்லா ஆலையும் சேர்ந்து இவ்வளவு தூள்தான் விடலாம் என்று ஓர் உச்ச அளவு. தன் பங்கைவிடக் குறைவாக விட்ட ஆலை மிச்சத்தை விற்கலாம். மீறிய ஆலை அதை விலை கொடுத்து வாங்க வேண்டும், இல்லையென்றால் அபராதம். திட்டத்துக்குள் இருந்த ஆலைகளில் புகைத்தூள் 20 முதல் 30 சதவீதம் வரை குறைந்தது. புத்திமதி சொல்லிக் குறையாதது, காசு போகும் என்றதும் குறைந்தது.

இப்போது கடல் கடந்து ஒரு ஊருக்குப் போவோம். லண்டனில் எல்லா கிஸ்ஸி-டெப்ரா என்ற சிறுமி இருந்தாள். அவள் வீடு பெரிய சாலைக்கு மிக அருகில். ஓயாமல் வண்டி போகும். அவளுக்குக் கடுமையான ஆஸ்துமா. மூன்று ஆண்டுக்குள் 30 முறைக்குச் சற்றுக் குறைவாக ஆஸ்பத்திரிக்குப் போனாள். 2013 பிப்ரவரியில், 9 வயதில் இறந்துவிட்டாள். மூச்சு நின்றதால் சாவு என்று எழுதி முடித்துவிட்டார்கள். அவள் தாய் விடவில்லை. மூச்சு ஏன் நின்றது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். லண்டனில் 1993 முதல் நகரத்தின் உள்ளாட்சி மன்றங்கள் காற்றை அளக்கின்றன. அந்தக் கணக்கைக் கிங்ஸ் கல்லூரி என்ற பல்கலைக்கழகம் சேர்த்து வைத்தது. அவள் வீட்டிலிருந்து சுமார் ஒரு மைல் தூரத்தில் அப்படி ஒரு கருவி இருந்தது. சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் அந்த எண்களையும் அவள் ஆஸ்பத்திரிக்குப் போன நாட்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். 2020 டிசம்பரில் விசாரணை அதிகாரி தீர்ப்பு எழுதினார். அவள் சாவுக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று எழுதினார். அந்த நாட்டில் ஒரு சாவுக்கு அப்படி எழுதியது அதுவே முதல் முறை.

அந்தக் கருவி அங்கே இல்லாமல் இருந்தால்? தாயின் கண்ணீர் மட்டும் சாட்சியாக நின்றிருக்கும்.

நம் தெருவுக்கு வருவோம். கடல் பக்கத்தில் இருக்கிறோம், நமக்கு என்ன என்று சொல்பவர்கள் உண்டு. பகலில் கடல் காற்று வந்து புகையை அடித்துக்கொண்டு போகும். அது உண்மைதான். இரவில் காற்று திரும்பிவிடும், விடியற்காலையில் அசையாமல் நிற்கும். அந்த நேரம் பார்த்துத்தான் சிலர் தெருவைக் கூட்டிக் குவித்துத் தீ வைக்கிறார்கள். காய்ந்த இலையோடு பால் கவர், பிஸ்கட் உறை, செருப்பு எல்லாம் போகும். புகை மேலே ஏறாது. நம் ஜன்னல் உயரத்திலேயே படுத்துக்கிடக்கும். உள்ளே தொட்டிலில் பிள்ளை. குப்பையைத் திறந்த வெளியில் எரித்தால் 5,000 ரூபாய் அபராதம் என்று பசுமைத் தீர்ப்பாயம் 2016-லேயே சொல்லிவிட்டது. பிளாஸ்டிக்கைக் கழுவி உலர்த்தி ஹரித கர்ம சேனைப் பெண்களிடம் கொடுங்கள். அவர்களுக்குக் கொடுக்கும் கட்டணம் அதிகம் என்று அலுத்துக்கொள்பவர்களும் இங்கே இருக்கிறீர்கள். இளைப்புக்கு வாங்கும் ஒரு பம்ப்பின் விலையை அதோடு சேர்த்து வைத்துப் பாருங்கள்.

நமக்குப் பல்கலைக்கழகத்துக்குக் குறைவில்லை. களமசேரியில் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 1971 முதல் இருக்கிறது. குசாட் என்பார்கள். அங்கே வளிமண்டலத்தைப் பற்றிப் படிக்க ஒரு துறையே உண்டு. மேலே காற்று எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் போகிறது என்று பார்க்கும் பெரிய ரேடாரும் உண்டு. கண் பக்கத்திலேயே இருக்கிறது. அது நம் சந்தையையும் பார்க்க வேண்டும் என்று கேட்பது நம் வேலை. கேட்கும்போது விவரமாகக் கேட்க வேண்டும். பலகை ஒன்றை நட்டு, மாலை போட்டு, படம் எடுத்துவிட்டுப் போய்விட்டால் நமக்கு என்ன பயன்?

அதனால் ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். வாசிக்கிறேன். சேர்க்க வேண்டியதைச் சொல்லுங்கள்.

“கொச்சி மாநகராட்சிச் செயலாளர் அவர்களுக்கு, கொச்சங்காடியில் குடியிருக்கும் நாங்கள் எழுதிக்கொள்வது. எங்கள் பகுதியில் காற்றை அளக்கும் கருவி ஒன்று வைக்க வேண்டும். அதன் எண்ணைக் குசாட் ஆசிரியர்கள் சரிபார்க்க வேண்டும். அந்த எண்ணை மலையாளத்திலும் தமிழிலும் பலகையில் எழுத வேண்டும். காற்று மோசமாகும் நாளில் பள்ளிக்கும் சுகாதார நிலையத்துக்கும் முதல் நாளே சொல்ல வேண்டும். குப்பை எரியும் இடங்களின் பட்டியலை நாங்களே எழுதித் தருகிறோம். அதன்மேல் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று மாதம் ஒரு முறை வார்டுக் கூட்டத்தில் சொல்ல வேண்டும்.”

பட்டியல் எழுதும் வேலை உங்களுடையது. எந்தத் தெரு, எந்த மூலை, எத்தனை மணிக்கு எரிகிறது என்று ஒரு வாரம் பார்த்து உங்கள் நோட்டில் எழுதுங்கள். லாரிகள் என்ஜினை அணைக்காமல் நிற்கும் இடம் இருந்தால் அதையும் எழுதுங்கள். எழுத்துப் பிழை வந்தால் பரவாயில்லை, மணி பிழையாக இருக்கக் கூடாது. அடுத்த ஞாயிறு மாலை 5 மணிக்கு இதே இடத்தில் எல்லா நோட்டையும் சேர்த்து ஒரே பட்டியலாக எழுதுவோம். மலையாளத்தில் ஒரு நகல் எடுத்து, இரண்டையும் கவுன்சிலரிடம் நேரில் கொடுத்துக் கையொப்பமும் தேதியும் வாங்கி வருவோம்.