இரு கூட்டத்தாரிடையே ஒரு வாத்தியக் குழு

தில்லியில் நான் வசிக்கும் அரசாங்கக் குடியிருப்பில், சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன். அடுத்த அறையிலிருந்து ஒரு பேரோசை எழுந்தது. தகரக் கூரையின்மேல் ஆலங்கட்டி மழை பொழிவது போன்ற முரசொலி. அதற்கும் மேலாக ஒருவர் மூச்சு விடாமல் கத்துகிறார். பதினேழு வயதான என் மகன் அதில் ஆழ்ந்து போயிருந்தான். "யாரடா இந்த உருப்படாத முட்டாள்கள்?" என்று கேட்டேன். அவன் கோபித்துக்கொள்ளவில்லை, சிரித்தான். "அப்பா, அவர்களுக்குப் பெயரே அதுதான்" என்றான்.

அவன் சொன்னது உண்மை. அக்குழுவின் பெயர் 'டர்ட்டி ராட்டன் இம்பெசில்ஸ்', சுருக்கமாக டி.ஆர்.ஐ. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவனாதலால் உடனே அதைத் தமிழாக்கிப் பார்த்தேன். 'அழுக்கும் அழுகலும் நிறைந்த மூடர்கள்' என்பது சொல்லுக்குச் சொல் வைத்த மொழிபெயர்ப்பு. கருத்தைப் பார்த்தால், என் வாயில் தானாக வந்த சொற்களே பொருத்தமானவை. அந்தப் பெயர் பிறந்த கதையும் அத்தகையதே. 1982-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் டெக்ஸஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில் கர்ட் பிரெக்ட், எரிக் பிரெக்ட் என்ற சகோதரர்கள் தங்கள் நண்பர்களுடன் வீட்டில் சாதகம் செய்தபோது, இரைச்சல் தாங்காத தந்தை அவர்களை அவ்வாறு வைதாராம். வசையையே பெயராகச் சூட்டிக்கொண்டார்கள் பிள்ளைகள். நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர், நானும் அறியாமலே அந்தத் தந்தையின் பக்கத்தில் போய் நின்றுவிட்டேன்.

வைததற்குப் பரிகாரமாகவேனும் இவர்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமென்று தோன்றிற்று. அவ்வாறு நான் அறிந்தவற்றையே இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

கர்ட் பிரெக்ட் பாடகர். எரிக் முரசு வாசித்தார். ஸ்பைக் காசிடி என்பவர் கிதார். இவர்கள் தொடங்கியது 'ஹார்ட்கோர் பங்க்' என்னும் வகையில். அதன் இலக்கணம் மிகச் சுருக்கமானது: பாட்டுக் குறுகியிருக்க வேண்டும், வேகம் மிகுந்திருக்க வேண்டும், அலங்காரம் கூடாது, சொல்ல வந்ததைச் சொல்லி நிறுத்திவிட வேண்டும். 1983-இல் வெளிவந்த இவர்களுடைய முதல் இசைத்தட்டில் 22 பாடல்கள். அவை அத்தனையும் முடிவதற்கு ஆகும் நேரம் சுமார் 18 நிமிடந்தான். ஒரு பாட்டுக்கு ஒரு நிமிடங்கூட இல்லை! நம் வித்வான்கள் தம்பூராவைச் சுருதி சேர்ப்பதற்குள் இவர்கள் நாலு பாட்டுப் பாடி முடித்திருப்பார்கள். போர், போலீஸ், பணம், வீட்டுக் கட்டுப்பாடு முதலியவற்றின்மீது இளைஞர்களுக்கு எழும் ஆத்திரமே பாட்டின் பொருள்.

அதே ஆண்டில் அவர்கள் ஹூஸ்டனை விட்டுப் புறப்பட்டு, மேற்குக் கரையிலுள்ள சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே அவர்களுக்கு வீடு கிடையாது. வாத்தியங்களை ஏற்றிவந்த வண்டியிலேயே உறங்கினார்கள். ஏழைகளுக்குக் கஞ்சி வார்க்கும் தருமசாலைகளில் உண்டார்கள். பிழைப்பைத் தேடி வேற்றூருக்கு வந்தவர்களின் முதல் மாதங்கள் எப்படியிருக்கும் என்பதை, இவ்வுரையைக் கேட்கும் உங்களில் பலருக்கு நான் விளக்க வேண்டுவதில்லை.

இனி, இந்தக் கதையின் முக்கியமான பகுதிக்கு வருவோம். அந்நாளில் அமெரிக்காவில் உரத்த இசையை விரும்பிய இளைஞர்கள் இரு கூட்டமாகப் பிரிந்திருந்தார்கள். ஒரு கூட்டம் பங்க். தலைமயிரை ஒட்ட வெட்டிக்கொண்டவர்கள். மற்றொன்று ஹெவி மெட்டல்; தோள்வரை முடி வளர்த்தவர்கள். மெட்டல்காரர்களுக்கு வாத்தியத் திறமை பெரிது. கிதாரில் நீண்ட தனி வாசிப்பு வேண்டும். பங்க்காரர்களுக்கோ அத்தகைய வித்தை வெறும் ஆடம்பரம். ஒரே அரங்கில் இரு சாராரும் கூடினால் கைகலப்பு நேர்ந்ததும் உண்டு.

இந்த இரண்டுக்கும் நடுவே டி.ஆர்.ஐ. குழு மெல்ல நகரலாயிற்று. 1985-இல் வெளியான 'டீலிங் வித் இட்' என்னும் தொகுப்பிலேயே அதன் அறிகுறி தெரிகிறது. காசிடியின் கிதார் கனம் பெறுகிறது. வலது உள்ளங்கையின் ஓரத்தைத் தந்தியின்மேல் அழுத்திக்கொண்டு மீட்டுவது மெட்டல் கிதாரின் ஒரு முறை. அப்போது நாதம் நீளாது. கோடரியால் கட்டையை வெட்டினாற்போல் துண்டு துண்டாக விழும். அந்த முறையைப் பங்க் இசையின் வேகத்தோடு இவர்கள் பிணைத்தார்கள். பாட்டின் நடுவே காலப் பிரமாணத்தைத் திடீரென்று பாதியாகக் குறைப்பதும், மறுபடி பாய்வதும் வழக்கமாயின. கர்ட் பிரெக்டின் குரல் மட்டும் மாறவில்லை. மெட்டல் பாடகர்களைப் போல் அவர் உச்ச ஸ்தாயியை நாடவில்லை. வீதியில் நின்று வாதாடுபவரைப் போலவே பாடினார்.

1987-இல் வந்த அடுத்த தொகுப்புக்கு அவர்கள் இட்ட பெயர் 'கிராஸ்ஓவர்'. ஒன்றைக் கடந்து மற்றொன்றுக்குள் செல்வது என்பது பொருள். அதன் முதற் பாட்டின் தலைப்பு 'ஐந்தாண்டுத் திட்டம்'! பணியில் சேர்ந்த புதிதில் அச்சொற்றொடரை எத்தனை கோப்புகளில் எழுதியிருப்பேன் என்பது எனக்கே தெரியாது. அதை இப்படியோர் இடத்தில் சந்திப்பேன் என்று நான் எண்ணியதில்லை. சூஸைடல் டெண்டன்ஸீஸ், கரோஷன் ஆஃப் கன்ஃபார்மிட்டி முதலிய குழுக்களும் அதே காலத்தில் அவ்வழியில் சென்றவையே. ஆயினும் அந்த இசைவகை முழுவதற்கும் இன்று வழங்கும் பெயர், டி.ஆர்.ஐ. தன் தொகுப்புக்கு இட்ட அந்தப் பெயர்தான்.

இதனால் இவர்கள் புகழ் மட்டும் பெற்றார்கள் என்று எண்ண வேண்டாம். 'எங்களை விட்டு ஓடிப்போனவர்கள்' என்று பழைய பங்க் அன்பர்கள் குறைகூறினர். 'இன்னும் பக்குவப்படாதவர்கள்' என்பது மெட்டல் ரசிகர் சிலரின் அபிப்பிராயம். அவர்களுடைய குறையிலும் நியாயம் இல்லாமற் போகவில்லை. ஒரு நிமிடத்துக்குள் முடியும் பாட்டுக்கு ஒரு தீவிரம் உண்டு. அதை நான்கு நிமிடமாக நீட்டும்போது அந்தத் தீவிரம் ஓரளவு தணிகிறது. கிடைத்தது கனம், இழந்தது சுருக்கம். நாளெல்லாம் ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்கு வாக்கியங்களைச் சுமந்து செல்லும் எனக்கு இந்தக் கணக்கு நன்கு பழக்கமானது. ஒன்றையும் இழவாமல் கரை கடந்தவர் எவரும் இல்லை.

ஆனால் ஒரு பயன் விளைந்தது. ஒட்ட வெட்டிய தலைகளும் நீண்ட கூந்தல்களும் ஒரே மேடையின்முன் நிற்கப் பழகின. மெட்டல் உலகில் பெரும் பெயர் பெற்ற ஸ்லேயர் என்ற குழு, 1996-இல் பங்க் பாடல்களைத் தன் முறையில் வாசித்து வெளியிட்ட தொகுப்பில் டி.ஆர்.ஐ. பாட்டொன்றையும் சேர்த்துக்கொண்டது. அக்கரையினர் இவர்களை ஏற்றுக்கொண்டார்கள் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமோ?

பிற்காலம் எளிதாக அமையவில்லை. 1995-க்குப் பின் முழுத் தொகுப்பு எதுவும் வரவில்லை. முரசு வாசிப்போரும் தாழ்சுருதிக் கிதார் வாசிப்போரும் பலமுறை மாறினர். 2006-இல் காசிடிக்குப் பெருங்குடலில் புற்றுநோய் கண்டது, கச்சேரிகள் நின்றன. அவர் குணமடைந்து மேடைக்குத் திரும்பினார். 2016-இல் ஒரு சிறு தொகுப்பும் வெளிவந்தது. பிரெக்டும் காசிடியும் இத்தனை மாறுதல்களுக்கிடையே பிரியாதிருந்தது, அவர்களுடைய பாட்டைக் காட்டிலும் என் மனத்தைத் தொட்டது.

இந்த இசை இப்பொழுது எனக்கு இனிக்கிறது என்று சொன்னால் அது பொய்யாகும். ஆனால் முன்பு வெறும் இரைச்சலாகக் கேட்ட இடத்தில், எங்கே வேகம் பாதியாகிறது, எங்கே கிதார் வெட்டி விழுகிறது என்று இப்போது என்னால் சொல்ல முடிகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் மகன் அறைக் கதவைச் சாத்துவதில்லை. நானும் சாத்தச் சொல்வதில்லை. உங்கள் வீட்டிலும் அடுத்த அறையிலிருந்து இத்தகைய ஓசை எழக்கூடும். வைவதற்கு முன், யார் பாடுகிறார்கள் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.